சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊர்க் கொரங்காட்டை மீட்பது எப்படி

காங்கேயம் பக்கத்தில் எங்களுக்கு ஆறு ஏக்கர் கொரங்காடு இருக்கிறது. நான் இருப்பது சிங்கப்பூர் ஈசூனில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில். புல்வெளி பராமரிக்கிற வேலையில் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், தேக்காவில் சந்திக்கிற நண்பர்கள் பலருக்கும் ஊரில் இப்படி ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. சிலருடையது மொட்டையாக, சிலருடையது சீமைக்கருவேலம் மண்டிப்போய். "நீ எப்படிச் செய்தாய்?" என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கொரங்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மானாவாரி மேய்ச்சல் காடு அது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். காங்கேயம் மாடும் மயிலம்பாடி, மேச்சேரி செம்மறியும் இந்தப் புல்லில் வளர்ந்தவை. எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் ஆறு ஏக்கரையும் வேலி போட்டு மூன்று துண்டாக வைத்திருந்தார்கள். ஒன்றில் மேய்ச்சல் நடக்கும்போது மற்ற இரண்டும் படல் (தட்டிக் கதவு) சாத்தியே கிடக்கும்.

2014இல் அப்பா தவறிய பிறகு காட்டை வருஷக் குத்தகைக்கு விட்டோம். வருஷா வருஷம் யார் கூடக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு. நாலு வருஷத்தில் உள்வேலி போச்சு, புல் போச்சு. 2018 தைப் பொங்கலுக்குப் போனபோது சரளைக் கல்லும் எருக்கும் ஆவாரையும்தான் நின்றன. குத்தகைக்காரரின் அறுபது ஆடு அந்தப் பொட்டலில் முகர்ந்துகொண்டு அலைந்தது. எனக்குக் கோபம் அவர் மேல். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கிற அண்ணன் ஒருவர்தான் கேட்டார்: "ஒரு வருசத்துக்கு எடுத்தவன் அடுத்த வருசத்துக்கு எதுக்குங்க தம்பி புல்லு உட்டு வெப்பான்?"

முதல் பாடம் அதுதான். விதை, வரப்பு எல்லாம் அப்புறம். முதலில் குத்தகையை மாற்றுங்கள். புல் விதைத்து, காய்த்து, உதிர்ந்து, மறுபடி முளைக்க இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும். அந்தப் பலனைப் பார்க்க அங்கே இருக்கப்போகிற ஆளிடம்தான் நிலத்தைக் கொடுக்க வேண்டும். கேள்வி கேட்ட அதே அண்ணனிடம் ஐந்து வருஷத்துக்குப் பேசினேன். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு நீங்கள் ஊரில் இல்லையென்றால் நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். நான் சித்தப்பாவுக்குக் கொடுத்தேன். குத்தகைச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரை வைத்து எழுதுங்கள். அந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பத்திரத்தில் நாங்கள் எழுதிய நிபந்தனைகள் மூன்றே. முதல் இரண்டு மழைக்காலம் காட்டுக்குள் மேய்ச்சல் இல்லை. அதற்குப் பிறகு எத்தனை ஆடு என்பதை ஒவ்வொரு தையிலும் புல்லை எடைபோட்டு முடிவு செய்வது. புல் நாலு விரல் உயரத்துக்குக் கீழே போனால் அந்தத் துண்டை மூடிவிடுவது.

இரண்டு வருஷம் மேய்ச்சல் இல்லை என்றால் அவர் ஆட்டுக்கு எங்கே போவார்? இந்தக் கேள்விக்குப் பதில் வைக்காமல் யாரும் வேலியைப் பூட்டக் கூடாது. பூட்டினால் ராத்திரியில் வேலி பிரியும், அதைத் தப்பென்று சொல்லவும் எனக்கு மனசு வராது. நாங்கள் செய்தது இது. அண்ணன் தன்னுடைய நாற்பது ஆட்டில் வயதானவற்றையும் கிடாய்களையும் விற்றுவிட்டு, பதினெட்டுப் பெட்டை ஆடு மட்டும் வைத்துக்கொண்டார். அதில் ஏற்பட்ட வருமான இழப்புக்கு மாதம் 170 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நான் அனுப்பினேன். வேலி கட்டுவது, சீமைக்கருவேலம் தோண்டுவது, விதைப்பது எல்லாம் அந்தச் சம்பளத்துக்குள் அவர் பார்க்கிற வேலை. ஆடுகள் அறுவடை முடிந்த காடுகளிலும் தென்னந்தோப்புகளிலும் பட்டி போட்டுத் தங்கின, அதாவது ராத்திரி எருவுக்காக அங்கேயே அடைபட்டுக் கிடந்தன. பட்டி போட்டால் தோட்டக்காரர் கூலி கொடுப்பார். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று சொல்வது சும்மா இல்லை. எருவின் மதிப்பு தெரிந்தவர்கள் இன்னும் கூப்பிடுகிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் உங்களுக்கு நிலம் இருந்தால் இதையே கிடை என்பார்கள், அதை நடத்துகிறவர் கீதாரி. அவர்களோடு பேசுங்கள். நமக்கு ஏட்டில் கிடைக்காதது அவர்களிடம் இருக்கிறது.

அடுத்து மண். அடியும் மூடியும் இல்லாத ஒரு பெரிய பால்பவுடர் டின்னைத் தரையில் இரண்டு விரல் ஆழம் அடித்து இறக்கி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, கைப்பேசியில் நேரம் பாருங்கள். எங்கள் காட்டில் மரத்தடியில் ஊற்றிய தண்ணீர் மூன்று நிமிஷத்தில் இறங்கிவிட்டது. பொட்டல் திட்டில் முக்கால் மணி நேரம் ஆகியும் பாதி அப்படியே நின்றது. ஆட்டுக் குளம்பு மிதித்து மிதித்து, மேல்மண் சிமெண்டுத் தளம் போல இறுகியிருந்தது. அந்த மாதிரி இடத்தில் எவ்வளவு விதை போட்டாலும் முதல் மழையிலேயே அடித்துக்கொண்டு போய்விடும்.

இறுகிய மண்ணை உடைக்க, சரிவுக்குக் குறுக்கே நாட்டுக் கலப்பையால் சால் ஓட்டினோம். ஆழ உழவே கூடாது. அங்கங்கே உயிரோடு இருக்கிற புல் தூர் பெயர்ந்துவிடும். ஓடை விழுந்த இடங்களில் வெட்டிய முள்ளைக் குறுக்கே போட்டுக் கல் வைத்தோம். ரொம்ப இறுகிய திட்டுகளில் மட்டும் இரண்டு ராத்திரி பட்டிப்படலை நட்டு ஆடுகளை அடைத்தோம். காட்டைக் கெடுத்த அதே குளம்புதான் அங்கே மேலோட்டை நொறுக்கிக் கொடுத்தது, புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து கிடைத்தது. மூன்றாவது ராத்திரி படலை நகர்த்திவிட வேண்டும். மறந்தால் பழையபடி ஆகிவிடும்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, வேரோடு தோண்ட வேண்டும். தோண்டிய இடத்தில் அந்த மழைக்கே புல் விதை விழ வேண்டும். காலியாக விட்டால் மறுபடி அதுவே வரும். ஆடு அந்தக் காயைத் தின்றுவிட்டு வந்தால் புழுக்கை வழியாகவும் முளைக்கும். அதனால் வெளியே மேய்ந்த ஆட்டைக் காட்டுக்குள் படல் போட்டு அடைப்பதற்கு முன் ஒரு வாரம் சோளத்தட்டுப் போட்டுக் கட்டிவையுங்கள்.

விதை விஷயத்தில் நான் ஏமாந்தேன், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இங்கே புல்பத்தையைப் பதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வேர் பிடித்திருக்கும். அந்தப் பழக்கத்தில் 2019 ஐப்பசிக்குப் போய், அந்த மாதமே பறித்த கொழுக்கட்டை விதையை மூட்டையாக வாங்கி வீசினேன். பஞ்சு மாதிரி விதை அது. காற்றில் பறந்தது, சட்டையில் ஒட்டியது, வேலியோரம் போய் ஒதுங்கியது. மண்ணில் தங்கியதிலும் பத்தில் ஒன்று முளைத்திருந்தால் அதிகம். புது விதைக்கு உறக்கம் உண்டு, ஆறு எட்டு மாதமாவது காய்ந்து கிடந்தால்தான் முளைக்கும் என்று அண்ணன் அப்புறம்தான் சொன்னார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலீங்களே தம்பி" என்றார். அன்றிலிருந்து முதலில் அவரைக் கேட்காமல் எதையும் வாங்குவதில்லை.

மிச்ச விதை அட்டாலியில் (பரணில்) கிடந்தது. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி இங்கே சர்க்யூட் பிரேக்கர் (கொரோனா ஊரடங்கு) வந்தது, விமானம் நின்றது. அந்த ஐப்பசியில் அண்ணன் தனியாகவே விதைத்தார். ஏக்கருக்கு இரண்டரை மூன்று கிலோ. ஈரமண்ணும் சாணித்தூளும் கலந்து பிசறி, பஞ்சு பறக்காதபடி கனமாக்கி, சால் ஓரமாகத் தூவி, முள் கொத்து ஒன்றை அதன்மேல் லேசாக இழுத்துவிட்டார். விதை ஆழத்தில் புதையக் கூடாது. கூடவே தீவனத்துக்கு நரிப்பயறும் முயல் மசாலும். முயல் மசால் விதைக்கு ஓடு கெட்டி. கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் சில நிமிஷம் போட்டு எடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். வெள்வேலத்துக்கு இந்த வேலையும் இல்லை. வெள்வேலங்காய் தின்ற ஆடுகளின் பட்டியைக் கூட்டினால் கிடைக்கிற விதை தானாக முளைக்கும். கொள்ளுத்தாத்தா காலத்து வழி அது.

கார்த்திகையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சிவப்பு மண்ணில் ஒரு தீப்பெட்டி, அதன் பக்கத்தில் தீப்பெட்டி உயரத்துக்கு நாலைந்து இலை. ஈசூன் கோப்பிக்கடையில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலையின் அடியில் லேசான ஊதா ஓடியிருந்தது. நீங்களும் இதைச் செய்யச் சொல்லுங்கள்: காட்டில் ஐந்து இடத்தில் கல் நட்டு, மாதம் ஒருமுறை அதே கல்லில் நின்று, அதே திசையில், தீப்பெட்டியோடு படம். அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்பதைவிட அந்தப் படத்தைப் பற்றி அதிகம் பேசுங்கள்.

வேலிக்கு முள்கிளுவைதான். இலை உதிர்ந்திருக்கிற காலத்தில் ஆள் உயரப் போத்து (நடுகிற கிளை) வெட்டி, மழைக்கு முன்னால் நெருக்கமாக நடுவது. கம்பி வேலி ஒரே நாளில் முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் கிளுவை கட்டத் தெரிந்த இரண்டு பெரியவர்கள் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களோடு இரண்டு இளவட்டங்களையும் கூலிக்கு வைத்துக் கற்றுக்கொள்ளச் சொன்னோம். இப்போது அந்த இரண்டு பேரையும் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் வேலி கட்டக் கூப்பிடுகிறார்கள்.

2022 தையில்தான் படலைத் திறந்தோம். புல் இரண்டு தடவை விதை உதிர்த்திருந்தது. எத்தனை ஆடு விடலாம் என்பதற்கு எங்கள் கணக்கு இதுதான். கம்பியால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து, காட்டில் பத்து இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வீசி, சட்டத்துக்குள் இருக்கிற புல்லை அடியோடு அறுத்துக் காயவைத்து எடை போடுங்கள். எங்களுக்குச் சராசரி 260 கிராம் வந்தது. ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர், ஆக ஏறக்குறைய 1,050 கிலோ காய்ந்த புல். பாதி மண்ணுக்கு, பாதி ஆட்டுக்கு. புல் நின்ற நாலு ஏக்கருக்கும் சேர்த்து ஆட்டின் பங்கு 2,100 கிலோ. ஒரு செம்மறிக்கு நாளைக்கு ஒரு கிலோ என்று வைத்தால், வருஷம் முழுக்க ஆறு ஆட்டைக்கூடக் காப்பாற்ற முடியாது. ஆனால் ஐந்து மாதத்துக்கு மட்டும் என்றால் பதினாலு ஆடு. அறுபது ஆட்டை வருஷம் பூராவும் அடைத்தது எவ்வளவு பெரிய கொடுமை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பதினாலு ஆடு ஐந்து மாதம் காட்டில், மீதி ஏழு மாதம் பட்டி போட்டும் சோளத்தட்டிலும். அண்ணன் ஒத்துக்கொண்டார், இன்றுவரை அந்த எண்ணைத் தாண்டவில்லை.

இப்போது சம்பளம் நான் அனுப்புவதில்லை. ஆறு பெட்டை ஆடு வாங்கி வாரத்துக்கு (பங்குக்கு) விட்டிருக்கிறேன், குட்டியில் பாதிப் பாதி. மார்கழி காலையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கொழுக்கட்டைக் கதிரை உருவுகிறார்கள். காட்டுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியை விற்றால் காசு அவர்களுக்கே. கண்ணபுரம் சந்தையில் வாங்கிய காங்கேயம் பசு ஒன்று அண்ணன் வீட்டில் நிற்கிறது. பால் குறைவாகத்தான் கறக்கும். அந்த வீட்டு அக்கா அதில் வெண்ணெய் எடுக்கிறார். போன வருஷம் போட்ட கன்று பிறக்கும்போது செங்கல் நிறம், ஆறு மாதத்தில் சாம்பலாக மாறிவிட்டது. என் மகள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது வேறு கன்று என்று அடம்பிடித்தாள்.

களத்துமேட்டுப் பக்கத்து இரண்டு ஏக்கர் இன்னும் மொட்டைதான். அங்கே சரளை அதிகம், இரண்டு தடவை விதைத்தும் திட்டுத்திட்டாகத்தான் வந்தது. இந்தத் தடவை புரட்டாசியிலேயே படல் நட்டு, இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை நகர்த்திக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். போன மார்கழியில் உருவிய விதை ஆறு கிலோ அட்டாலியில் காய்கிறது. ஐப்பசி பத்தாம் தேதிக்குக் கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், விதைக்கிற அன்றைக்கு நானும் அண்ணனோடு நிற்பேன்.