வட்டாரங்களுக்கிடையே மக்களும் வளங்களும் இடம் மாறுவதைக் கணித மாதிரியாக அமைக்கும் முறை

மக்கள்தொகை வட்டாரங்களுக்கிடையே எவ்வாறு மறுபங்கீடு ஆகிறது என்பதைக் கணிக்க முற்படுவோர் பலர், நிகர இடப்பெயர்வு என்ற ஒற்றை எண்ணிலிருந்து தொடங்குகின்றனர். அதைத் தவிர்ப்பது நல்லது. ஒவ்வொரு பெரிய இடப்பெயர்வு ஓட்டமும் ஓர் எதிரோட்டத்தை உண்டாக்குகிறது என்று புவியியலாளர் ரேவன்ஸ்டைன் 1885-இலேயே எழுதினார். நிகர எண் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று கழித்து மறைத்துவிடுகிறது. ஆகவே போகும் வீதத்தையும் வரும் வீதத்தையும் தனித்தனியே எழுத வேண்டும்.

முதல் வட்டாரத்தில் 6 லட்சம் பேரும் இரண்டாவதில் 4 லட்சம் பேரும் வாழ்வதாகவும், ஆண்டுதோறும் முதலாவதிலிருந்து 5 சதவீதத்தினரும் இரண்டாவதிலிருந்து 2 சதவீதத்தினரும் மறுபக்கம் செல்வதாகவும் கொள்வோம். முதல் ஆண்டில் 30,000 பேர் போக, 8,000 பேர் வருவதால், எண்ணிக்கை 5,78,000 ஆகவும் 4,22,000 ஆகவும் மாறும். பிறப்பு இறப்புகளைச் சேர்க்காத வரை கூட்டுத்தொகை 10 லட்சமாகவே இருக்க வேண்டும். இதை ஒவ்வொரு படியிலும் சரிபார்க்க வேண்டும். இரு ஓட்டங்களும் சமமாகும்போது பங்கு 2:5 என நிலைபெறும், அதாவது ஏறத்தாழ 2.86 லட்சமும் 7.14 லட்சமும். தொடக்க எண்ணிக்கை எதுவாயினும் இவ்விகிதம் மாறாது. சமநிலையிலிருந்து உள்ள விலகல் ஆண்டுக்கு 0.93 மடங்காகக் குறைவதால், அது பாதியாவதற்கு ஒன்பதரை ஆண்டுகள் பிடிக்கும். வட்டாரங்கள் பலவாயின் இதே கணக்கை அணியாக, அதாவது வீதங்களை நிரை நிரலாக அடுக்கிய அட்டவணையாக, எழுதலாம்.

ஐந்தாண்டுக்கான வீதத்தை ஐந்தால் வகுத்து ஆண்டு வீதமாக்குவது சரியாகாது. இடையில் சென்று திரும்பியவர்கள் அத்தரவில் தென்படமாட்டார்கள். எந்த வட்டாரத்திலிருந்து எதற்கு எத்தனை பேர் சென்றனர் என்ற இணை வாரியான தரவே இல்லாதபோது ஈர்ப்பு மாதிரி கைகொடுக்கும். அமெரிக்க மொழியியலாளர் ஜிப்ஃப் 1946-இல் முன்வைத்தபடி, ஓட்டமானது இரு மக்கள்தொகைகளின் பெருக்கத்தைத் தூரத்தால் வகுத்துக் கிடைப்பதற்கு நேர்விகிதத்தில் அமையும். எனினும் தூரத்தின் அடுக்கு 1 என்று முன்கூட்டியே முடிவுசெய்யாமல் தரவிலிருந்தே அதை மதிப்பிட வேண்டும். பின்னர், இவ்வாறு கிடைத்த ஓட்டங்களை அட்டவணையாக்கி, அதன் நிரை, நிரல் கூட்டுத்தொகைகள் ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் போவோர், வருவோரின் அறியப்பட்ட மொத்தங்களோடு பொருந்தும் வரை அந்த ஓட்டங்களை மாறிமாறித் திருத்த வேண்டும்.

வளங்களைச் சேர்க்கும்போதுதான் மாதிரி உண்மையில் சிக்கலாகிறது. நிலமும் நீரும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்க, முதலீடும் வேலைவாய்ப்பும் மக்களைப் பின்தொடரவும் கூடும். எனவே இவ்விரு வகைகளையும் ஒரே மாறியாகக் கலக்கக் கூடாது. தலைக்கு எவ்வளவு வளம் என்பதை வட்டாரந்தோறும் கணக்கிட்டு, செல்லும் வட்டாரத்தின் மதிப்புக்கும் புறப்படும் வட்டாரத்தின் மதிப்புக்கும் உள்ள விகிதத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, அதனால் அடிப்படை வீதத்தைப் பெருக்கலாம். மக்கள் பழைய தகவலை நம்பியே முடிவெடுப்பதால் இங்கு ஒரு தாமதமும் தேவைப்படும். அடுக்கு பெரிதாயின் எண்ணிக்கை சமநிலையைத் தாண்டிச் சென்று மேலும் கீழும் அலையும். அப்போது தாமதத்தின் ஆண்டளவை மாற்றாமல் காலப்படியை, அதாவது ஒரு கணக்கீட்டிலிருந்து அடுத்ததற்கான கால இடைவெளியை, மட்டும் பாதியாக்கி மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். அலைவு மறைந்துவிட்டால் அது பெரிய காலப்படியால் வந்தது என்று விட்டுவிடலாம். நீடித்தால் மாதிரியின் உண்மையான விளைவாகக் கொண்டு ஆராயலாம்.