கிடைத்த இடம் வேறு, வாழ்ந்த இடம் வேறு: கடலடி ஓடுகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

சென்ற வாரம் எங்களோடு புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர், கடலடி மண்ணில் கிடைத்த நுண்ணிய ஓடுகளைப் பார்த்துவிட்டு நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து, "பழைய கடற்கரை கிடைத்துவிட்டது" என்றார். முகமெல்லாம் மகிழ்ச்சி. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே சொற்களைச் சொன்னேன். அது தவறாக இருந்தது. எளிதில் பிடிபடாத அத்தகைய தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். மாதிரிக்கு எண் இடாதது, சல்லடையைக் கழுவாதது போன்றவற்றை எவரும் இரண்டாம் முறை செய்வதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிடைத்த இடமே வாழ்ந்த இடம் என்று நம்புவது

ஃபொராமினிஃபெரா என்பவை ஓடு கட்டி வாழும் ஒற்றைச் செல் உயிரிகள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியவை. இவற்றில் அம்மோனியா, எல்ஃபிடியம் போன்றவை கரையோர ஆழமற்ற நீரிலும் கழிமுகங்களிலும் பெருகுபவை. எனவே 80 மீட்டர் ஆழத்தில் எடுத்த மண்ணில் அவை குவிந்து கிடந்தால், "இங்கே ஒரு காலத்தில் கரை இருந்தது" என்று மனம் உடனே முடிவு கட்டுகிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆகவே அந்த முடிவு நடக்கக்கூடியதே. இந்தத் தவறு அவ்வளவு எளிதில் பிடிபடாததற்கும் அதுவே காரணம்.

நான் அதை நம்பி வரைபடம் வரைந்தேன். காலக்கணிப்புக்கு ஒதுக்கிய பணம் முழுவதையும் அந்த ஓர் அடுக்குக்கே செலவிட்டேன். வந்த வயது 3,000 ஆண்டுகூட இல்லை. அப்போது கடல் ஏறக்குறைய இன்றைய மட்டத்துக்கு வந்துவிட்டது. அங்கே கரை இருந்திருக்க வழியே இல்லை. ஏதோ ஒரு புயல் கரையோர மணலை வாரி ஆழத்தில் கொட்டியிருக்கிறது.

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான்: விடை முதல் தட்டிலேயே இருந்தது. மீண்டும் பார்த்தபோது ஓடுகள் எல்லாம் ஒரே பருமன். குஞ்சு ஓடு ஒன்றுகூட இல்லை. உயிரிகள் வாழ்ந்து மடிந்த இடத்தில் சிறிதும் பெரிதும் கலந்தே கிடக்கும். நீரோட்டம்தான் பருமன் பார்த்துப் பிரிக்கும். ஓடு அறை அறையாக வளரும்; பலவற்றில் கடைசி அறை உடைந்திருந்தது, மேற்பரப்பு தேய்ந்திருந்தது. அவற்றுக்கிடையே மெல்லிய சுவருள்ள ஆழ்நீர் இனங்கள் சிதையாமல் கிடந்தன. நான் பெயர்களை மட்டும் எண்ணினேன். ஓடுகளின் நிலையைப் பார்க்கவில்லை.

எனவே இனம் பிரிக்கும் முன் தேய்மானத்தைப் பாருங்கள். அறைக்குள் பச்சை அல்லது பழுப்புக் கனிமம் நிறைந்திருந்தால், பழைய படிவிலிருந்து அரித்து வந்த ஓடோ என்று ஐயப்படுங்கள். அடுக்கின் அடிப்பகுதி கத்தியால் வெட்டியது போல இருக்கிறதா, அங்கிருந்து மேலே போகப் போக மணல் நுணுகுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; புயல் வாரிக் கொட்டிய அடுக்கு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆக்சிஜன் மாற்றம் முழுவதையும் பனியின் கணக்கில் எழுதுவது

ஓட்டில் உள்ள ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் எடை கூடிய வகை) விகிதம் நீரின் வெப்பநிலையாலும் மாறும், நிலத்தில் பனி சேர்வதாலும் மாறும். 1955இல் ஆய்வாளர் எமிலியானி வெப்பநிலைக்கே பெரும்பங்கு தந்தார்; 1967இல் மற்றோர் ஆய்வாளர் ஷாக்கிள்டன் பனியின் பங்கே பெரிது என்று காட்டினார். இரண்டையும் பிரிக்க அதே ஓடுகளில், வெப்பநிலையைக் காட்டும் மக்னீசியம்-கால்சியம் விகிதத்தையும் அளக்க வேண்டும்.

இனங்களைக் கலந்து அளப்பது

வேண்டாம். ஒரே நீரில் வாழ்ந்த இரண்டு இனங்கள்கூட வெவ்வேறு மதிப்பு காட்டும்.

அமிலத்தன்மையுள்ள நீரில் கழுவுவது

மெல்லிய ஓடுகள்தான் முதலில் கரையும்.

மேல் 10 சென்டிமீட்டரில் நூற்றாண்டுக் கணக்குத் தேடுவது

ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வண்டல்தான் படியும். அதையும் புழுக்கள் கலக்கிவிடுகின்றன.