குளிர்ந்த நீரில் கேமரா: எந்த பேட்டரி வாங்குவது?

குளிர்ந்த நீருக்கடியில் படம் எடுக்க, டபுள் ஏ (AA) அளவு பேட்டரி போடும் கேமராவுக்குச் சாதாரண ஆல்கலைன் பேட்டரி வேண்டாம். ஒருமுறை மட்டுமே பயன்படும் 1.5 வோல்ட் லித்தியம் வாங்குங்கள். குளிரில் ஆல்கலைனின் வேதிவினை மந்தமாகி, பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் உள்மின்தடை ஏறுகிறது. ஃபிளாஷ் ஒருமுறை மின்னியதும் மின்னழுத்தம் சரிந்து, சார்ஜ் மிச்சமிருக்கும்போதே கேமரா அணைந்துவிடும். அந்த பேட்டரியைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். உள்ளங்கையில் சற்றுச் சூடேறினால் டார்ச்சுக்கு உதவும். லித்தியம் பேட்டரியின் உள்ளே இருக்கும் கரைசலில் நீர் இல்லாததால் மைனஸ் 40 டிகிரியிலும் வேலை செய்யும். அதை ரீசார்ஜ் மட்டும் செய்துவிடாதீர்கள், ஆபத்து.

காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் கடலில் இறங்குபவர்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை. நம் கடல் வெதுவெதுப்பானது; நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி தாராளமாகப் போதும். தனி வடிவ பேட்டரி போடும் கேமராவுக்கும் இந்த லித்தியம் யோசனை பொருந்தாது. குளிரில் அதற்கு, உதிரி பேட்டரியைச் சட்டைக்குள் கதகதப்பாக வைத்திருப்பதே வழி.