குழந்தைக் கவுனுக்கு ஃப்ரில் வைத்துத் தைத்தல்

கவுனின் கீழ்ச் சுற்றளவு 24 அங்குலம் என்றால், அதில் சுருக்கித் தைக்கும் ஃப்ரில் துணிப்பட்டை 36 முதல் 48 அங்குலம் வரை வேண்டும்; மெல்லிய துணிக்கு இரண்டு மடங்கே அழகு, தடித்த துணியில் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் தையல் மேடுதட்டிவிடும். பருத்தியை வெட்டுமுன் நனைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும்.

பட்டையின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கி, கீழ் விளிம்பை மடித்துத் தைத்த பின், மேல் விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் ஒன்றும் அரை அங்குலத்தில் மற்றொன்றுமாக, இயந்திரத்தின் மிக நீளமான தையலில் இரண்டு வரிசை ஓட்டி, நூல் முனைகளை நீளமாக விட வேண்டும். ஒரே வரிசையோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். இழுக்கும்போது அந்த நூல் அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கவுனையும் ஃப்ரில்லையும் நான்கு சம பங்காகக் குறித்து, துணியின் நல்ல பக்கங்கள் (வெளியே தெரிய வேண்டியவை) ஒன்றையொன்று பார்க்குமாறு குண்டூசி குத்தி, பாபின் நூல்களை (இயந்திரத்தின் அடிநூல்களை) மட்டும் மெல்ல இழுத்துச் சுருக்கங்களைப் பரப்ப வேண்டும். குண்டூசிகளை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. இது குழந்தை உடுத்தும் துணி. சுருக்கிய பக்கத்தை மேலே வைத்து, இரண்டு வரிசைகளுக்கும் நடுவே தைத்தால் மடிப்புகள் சாயாமல் நிற்கும். வெளியே தெரியும் வரிசையைப் பிரித்துவிட்டு, ஓரத்தைப் பிரியாதபடி நூலால் சுற்றித் தைத்து (ஓவர்லாக் செய்து), கவுன் பக்கமாக மடித்து மேல்தையல் போட்டால் பிசிறு காலில் உரசாது.