மஞ்சள் படிந்த பழைய பொம்மைகளுக்கு ஒரு வெயில் வைத்தியம்

வெள்ளை அக்‌ஷன் ஃபிகர்கள் மஞ்சளாவது அழுக்கினால் அல்ல. புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் பிளாஸ்டிக்கையே மாற்றிவிடுகின்றன. அதனால் தேய்த்துக் கழுவினால் மட்டும் போகாது. வெயிலில் வைத்தால் அந்த மஞ்சளை வெளுக்கவைக்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட் என்ற திரவம் வேண்டும். கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பாமசியில் கேளுங்கள், 3% கரைசல் போதும்.

முதலில் பொம்மையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். துணி, ஸ்டிக்கர், உலோக ஆணி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பெயின்ட் அடித்த முகமும் கண்களும் கரைசலுக்குள் போகவே கூடாது. அந்தப் பாகம் கழராவிட்டால் நான் அந்தப் பொம்மையைத் தொடமாட்டேன், மஞ்சளாகவே இருக்கட்டும்.

கண்ணாடிப் போத்தலில் பாகங்கள் முழுதாக மூழ்கும்படி கரைசலை ஊற்றி வெயிலில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு சேரும். மிதக்கும் பாகத்தை அடிக்கடி திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் திட்டுத்திட்டாக வெளுக்கும். கொழும்பு வெயிலில் மொட்டைமாடியில் காலை எட்டு மணிக்கு வைத்தால் மத்தியானமே வித்தியாசம் தெரியும். சில பொம்மைகளுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும், அவசரப்பட்டுக் கரைசலைக் கடுமையாக்காதீர்கள். மழைக்கால மப்பில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ப்ளீச்சுடன் ஒருபோதும் கலக்காதீர்கள். சிவப்பு, நீலப் பாகங்கள் நிறம் மங்கலாம், அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

அப்புறம் நன்றாக அலசி, நிழலில் உலர்த்தி, ஜன்னல் வெயில் படாத அலுமாரியில் வையுங்கள். காலப்போக்கில் மஞ்சள் திரும்பவும் வரலாம்.