பிளாரன்ஸ் ரெண்டு நாள்: மாசி வீதியிலிருந்து ஒரு யோசனை

மதுரையிலிருந்து இத்தாலியில இருக்கிற பிளாரன்ஸுக்குக் கிளம்புறவங்க, அங்க தங்குற ரெண்டு நாள்ல திங்கட்கிழமை மட்டும் வர வேண்டாம். உஃபிஸி, அக்காதெமியா ரெண்டு மியூசியமும் அன்னிக்குப் பூட்டு. அப்புறம் அக்காதெமியாவுல இருக்கிற டேவிட் சிலையை எப்படிப் பாக்கிறது? மைக்கேலாஞ்சலோ 1504-ல முடிச்சது, பதினேழு அடி பளிங்கு. வலது கையை நல்லா கவனிங்க: உடம்புக்கு ஒரு சுத்து பெருசு, புறங்கையில நரம்பு புடைச்சு நிக்கும்.

கதீட்ரல் குவிமாடம் 463 படி, லிப்ட் கிடையாது. நேரம் குறிச்ச டிக்கெட்டை முன்னாடியே எடுக்கணும். உச்சிக்குப் போகப்போக வழி குறுகும். மூட்டுவலி அத்தைமார் கீழேயே இருக்கட்டும். நம்ம மீனாட்சி கோயில் மாதிரிதான், அரை டவுசரோட உள்ளே விடமாட்டாங்க.

ஊர் சின்னது. ஸ்டேஷன் பக்கம் ரூம் போட்டா எல்லாம் நடைதான். காபியை கவுன்ட்டர்லயே நின்னு குடிங்க, உக்காந்தா விலை கூடும். விசாவுக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம்; சித்திரைத் திருவிழா முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க.