கடல் அரித்தால் உடனே ‘பருவநிலை மாற்றம்’ என்று எழுதாதீர்கள்

மீனவ ஊர்களில் ஆய்வு செய்த மாணவர்களின் நோட்டுகளைப் போன மாதம் திருத்தினேன். முக்கால்வாசி நோட்டுகளில் நான் ஒரு காலத்தில் செய்த அதே தப்புகள். ரெக்கார்டரில் சார்ஜ் தீர்ந்த கதைகளை விடுங்கள், அவை ஒருமுறை பட்டால் சரியாகிவிடும்.

காரணத்தைக் கையோடு கொண்டுபோவது

புதுச்சேரிக்கு வடக்கே, தந்திராயன்குப்பத்திலிருந்து பொம்மையார்பாளையம் வரையுள்ள கரை. என் முதல் சர்வேயில் “கடல் வீட்டுக்குள்ள வந்துடுச்சு” என்றவர்களை எல்லாம் ‘கடல்மட்ட உயர்வு’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பரிந்துரை: ஊரை இடம் மாற்ற வேண்டும்.

அறிக்கையைப் படித்துக் காட்டப் போனபோது ஒரு பெரியவர் காலால் மணலில் கோடு போட்டார். “இது ஆர்பர், துறைமுகம். தெக்கேருந்து வர்ற மண்ணு இங்கயே நின்னுடுது. கடல் ஏறல தம்பி, மண்ணு வரல.”

உண்மைதான். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் கட்டிய துறைமுகச் சுவர் அதை மறித்தது. சென்னைத் துறைமுகத்தால் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இதே கணக்கு.

கடல்மட்டமும் உயர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர். ஒரே மழைக்காலத்தில் ஒரு தெரு போனதற்கு அது மட்டும் காரணமாகாது.

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான்: பருவநிலை என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டாம், ஊர்தான் மூட்டை கட்ட வேண்டும். துறைமுகம் என்று எழுதினால் தேங்கிய மணலை அள்ளி வடக்கே போடச் சொல்லிக் கேட்கலாம். அதைச் செய்யாமல் கரையோரம் தடுப்பாகக் கல்லைக் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும். அப்புறம் அந்த ஊரும் கல் கேட்டு மறியல் செய்யும்.

ஆகவே முதல் கேள்வி “எந்த வருஷத்திலிருந்து?” என்று இருக்கட்டும். அந்த வருஷத்தை ஒட்டித் தெற்கே என்ன கட்டினார்கள் என்று பாருங்கள்.

ஊர்த் தலைவரிடம் மட்டும் கேட்டு முடித்துக்கொள்வது

2004 சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் வீடுகளைக் கரையிலிருந்து தள்ளிக் கட்டினார்கள். அங்கிருந்து கரையில் நடக்கும் மீன் ஏலத்துக்குப் போக தினமும் ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகிறது என்று எந்தத் தலைவரும் எனக்குச் சொன்னதில்லை. மீன் கூடை சுமக்கும் அக்காதான் சொன்னார்.

மீனவர்களுக்கு ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதுவது

வாடை, கொண்டல், கச்சான் என்று வீசும் திசையை வைத்துக் காற்றைப் பெயர் சொல்லிப் பிரிப்பவரைப் பற்றியா இப்படி எழுதுவது?

ஒரே தடவை போவது

ஆனியில் பார்த்த கரை ஐப்பசியில் இருக்காது.